எழுத்து மயங்கும் பிள்ளைகளும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுவது எமது வழக்கம். இவ்வாண்டும் அவ்வாறே பேசுமாறு நம் காரியதரிசியவர்கள் பணித்தார்கள். ஆயினும், சில திங்களாக எமது உள்ளத்தை வருத்திவரும் வேறொரு பொருளைப் பேசுதற்கு அவர்கள்பால் இசைவு பெற்றுவந்துள்ளோம். சற்று முன்னர் இம்மேடையில், பொதுத் தேர்வில் மிக்க மதிப்பெண் பெற்ற மாணவ மாணவியர்க்குப் பரிசுகள் வழங்கப்பெற்றன. அவர்தம் பெற்றோர் முகமலர்ந்ததைக் கண்டு யாமும் மகிழ்ந்தோம். எனினும், இவ்விழாவிற்கு வாராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பிள்ளைகளும் நம் குலத்தில் உளர். "மதிப்பெண் எத்தனை?" என்று உறவினர் கேட்பாரே என்றஞ்சி அவர்கள் வருவதில்லை. பெற்றோரும் அழைத்து வருவதில்லை. அப்பிள்ளைகளுள் ஒரு சாராரைப் பற்றியே இன்று யாம் பேச எண்ணுகின்றோம்.

முதற்கண் எமது பிழையொன்றைக் கூறிவிடுதல் முறை. யாம் தமிழாசிரியப் பணியேற்ற தொடக்க நாட்களில், இற்றைக்கு 22 ஆண்டுகட்கு முன்பு, எமது ஏழாம் வகுப்பில் நம் குலத்துச் சிறுவன் ஒருவன் பயின்றான். மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகன். அவன் பெயரை ஈண்டு உரைத்தல் வேண்டா. இராமகாதையில் ஒரு பகுதியை யாம் ஒருமுறை சொல்லக் கேட்பானாயின், மறுநாள் அதனை நிரல் பிறழாமல் எடுத்துரைப்பான். கடையில் வந்து நிற்பார்க்கு ஏழெட்டுச் சரக்கின் விலையைத் தாளின்றியே கூட்டிச் சொல்லுவான். அத்தகையவன் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் வேறொருவனாகிவிடுவான். 'மலை' என்றிருப்பதை 'மாலை' என்பான். 'கொடி' என்பதைக் 'கெடி' என எழுதுவான். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வியர்த்து நிற்பான். யாம் சொல்லச்சொல்ல எழுதும் பத்துச் சொற்களில் எட்டுப் பிழைபடும். நேற்றுச் சரியாக எழுதிய சொல்லை இன்று பிழைபட எழுதுவான்.

செவிவழிப் புகுந்ததெல்லாம் நிலைபெறும் உள்ளத்தில், கண்வழிப் புகுந்தது மட்டும் நில்லாமை யாது காரணம் என்று யாம் ஒருநாளேனும் வினவினோமில்லை. "நேற்று எழுதத் தெரிந்தவனுக்கு இன்று தெரியாதா? இது சோம்பலே" எனத் துணிந்தோம். பிரம்பை எடுத்தோமில்லை, அதனினும் கொடியதாகிய நாவை எடுத்தோம். ஒருநாள் அவனுடைய கட்டுரைச் சுவடியை வகுப்பிற் படித்துக்காட்டி, அவன் எழுதியவாறே ஒவ்வொரு பிழையையும் ஒலித்தோம். வகுப்பு முழுதும் நகைத்தது. அவனும் நகைத்தான். அடுத்த வாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, கல்லாப்பெட்டியைப் பார்க்கட்டும்" என்று அவன் தந்தையார் சொல்லியனுப்பினார். யாமும் அதனை ஒப்பினோம். தீயாற் சுட்ட புண் ஆறும், சொல்லாற் சுட்டது ஆறாது என்னும் கருத்துடைய குறளை அவ்வாண்டிலேயே அவ்வகுப்பிற்கு யாம் நடத்தியிருந்தோம் என்பதை நினையுந்தோறும் நாணுகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் அவன் எமது இல்லத்திற்கு வந்தான். இன்று அவனுக்கு 34 வயது. கடை அவன் பொறுப்பில் நன்கு நடைபெறுகின்றது. கையிற் பிடித்து எட்டு வயது மகனையும் அழைத்து வந்திருந்தான். "ஐயா, பழைய கதையைப் பேச நான் வரவில்லை. இவனும் என்னைப் போலவே எழுத்தைக் கண்டால் மிரளுகிறான். இவனைப் பார்த்து யாரும் சிரிக்காத பள்ளிக்கூடம் எது என்று கேட்டுப் போகவே வந்தேன்" என்றான். அவ்வினாவிற்கு விடை எம்மிடம் அன்று இல்லை. அன்று தொட்டு இப்பொருளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தும், அறிந்தாரை அடுத்துக் கேட்டும் யாம் உணர்ந்தவற்றையே இப்பொழுது உங்கள்முன் வைக்கின்றோம்.

இவ்விடர்ப்பாட்டிற்கு மேல்நாட்டார் இட்ட பெயர் டிஸ்லெக்ஸியா என்பது. கிரேக்க மொழியிலிருந்து அமைந்த இச்சொல்லுக்குச் 'சொல்லைக் கையாளுதலில் அருமை' என்பது பொருளாம். நாம் இதனை 'வாசிப்பிடர்' என வழங்கலாம். அறிவுத்திறன் குன்றாத ஒருவற்கு, கண்ணும் செவியும் பழுதின்றியிருப்பவும், முறையான கல்வி கிடைத்திருப்பவும், எழுத்தையும் அதன் ஒலியையும் விரைந்து பிழையின்றி இணைக்கும் ஆற்றல் மட்டும் அரிதாக இருத்தலே இதன் இலக்கணம். இதனோடு எழுதுதலில் நேரும் இடரும், கணக்கில் நேரும் இடரும் சிலர்க்கு உடன் காணப்படும். சிலர்க்குத் தனித்தும் காணப்படும்.

இஃது இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1877-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மௌல் என்பார், பேச்சும் பார்வையும் அறிவும் இருந்தும் எழுத்தைப் படிக்கவியலாத நிலையைச் 'சொற்குருடு' என்னும் பொருள்படப் பெயரிட்டுக் குறித்தார். 1887-இல் ஸ்டுட்கார்ட் நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் என்பார் டிஸ்லெக்ஸியா என்னும் சொல்லை வழங்கினார். இவர்கள் கண்டவர்கள் மூளை நோயால் படிப்பாற்றலை இழந்த முதியோர். பிறவியிலேயே இவ்விடருடைய சிறுவன் ஒருவனைப் பற்றி 1896-இல் எழுதியவர் ஆங்கில நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன் ஆவார். அச்சிறுவனுக்கு வயது 14, விளையாட்டில் வல்லவன், கணக்கில் தேர்ந்தவன், தன் பெயரை எழுதும்போதும் எழுத்துக்களை முன்பின்னாக மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியில் இவனே முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அவ்வரிகளைப் படித்தபொழுது, எமது மளிகைக் கடைச் சிறுவனே எம் கண்முன் வந்து நின்றான். ஒரு நூற்றாண்டிற்கு முன் கடல்கடந்த நாட்டில் ஓர் ஆசிரியர் கண்டதை, கண்ணெதிரே இருக்கக் கண்டும் யாம் காணாது போனோம்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர், ஒருவர் படிக்கும்பொழுதே மூளையின் எப்பகுதி தொழிற்படுகின்றது என்பதைக் கருவிகளாற் கண்டறிகின்றனர். வாசிப்பிடர் உடையார்க்கு மூளையின் இடப்பக்கத்தில் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பகுதிகள் பிறர்க்குப்போல் தொழிற்படுவதில்லை என்பது பன்முறை காணப்பட்டுள்ளது. இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழியினரையும் ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, மொழி வேறாயினும் மூளையில் நிகழும் வேறுபாடு ஒன்றே என்றும், எழுத்தும் ஒலியும் ஒத்தியலும் இத்தாலிய மொழியினர் மட்டும் படித்தலிற் குறைந்த துன்பமே உற்றனர் என்றும் காட்டிற்று. ஆகவே இஃது ஒரு நாட்டிற்கோ, ஒரு குலத்திற்கோ, ஒரு மொழிக்கோ உரியதன்று. நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரை இதனை உடையர் என்பது பலரும் கூறும் கணக்கு. அங்ஙனமாயின், 40 பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் இருவர் முதல் நால்வர் வரை இவ்விடருடன் அமர்ந்திருத்தல் கூடும்.

இனி, இஃது அல்லாதன யாவை என்பதையும் தெளிதல் வேண்டும். இது சோம்பலன்று, அறிவின்மையன்று, கண்ணோயன்று, பெற்றோர் செய்த பாவத்தின் பயனுமன்று. மருந்தாலும் எண்ணெயாலும் மந்திரத்தாலும் தீர்வதன்று. அவ்வாறு தீர்ப்பதாகச் சொல்லிப் பொருள் பறிப்பாரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இது வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் ஓர் இயல்பு. ஆயினும், உரிய முறையில், உரிய பருவத்தில், பொறுமையுடன் கற்பிப்பின் இவ்வியல்புடையாரும் படிக்கவும் எழுதவும் வல்லராவர். அங்ஙனம் கற்பிக்கும் பொறுப்பில் ஆசிரியர்க்கும் வீட்டார்க்கும் சங்கத்தார்க்கும் பங்குண்டு.

நமது தமிழெழுத்தில் இவ்விடர் எவ்வாறு தோன்றும் என்பதைச் சிறிது ஆராய்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்து 247 எனக் கேட்டவுடனே எளிய பிள்ளை அஞ்சும். ஆங்கிலத்தைப்போல் ஓரெழுத்துக்குப் பற்பல ஒலிகள் தாறுமாறாக அமையாமையால், தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுதல் ஒருவாறு கைவரும். ஆனால் விரைவு வாராது. ஒவ்வோரெழுத்தாகத் தடவிச் செல்லும். வரியின் முடிவை எட்டும்பொழுது தொடக்கம் மறந்துபோகும். ஆதலின், படித்தும் பொருளுணராத நிலை எய்தும்.

தமிழெழுத்திற்கே உரிய இடர்களும் சில உள. 'கெ' என்பதில் ககரம் முன்னும் எகரம் பின்னும் ஒலிக்க, குறியோ முன்னதாக எழுதப்படுகின்றது. 'கொ' என்பதில் உயிர்க்குறி இருபுறமும் நிற்கின்றது. 'கௌ' என்பதன் பிற்குறி ளகரத்தோடு மயங்குகின்றது. உகர ஊகாரங்கள் ஏறிய மெய்களோ 'கு, சு, டு, நு' என வெவ்வேறு வடிவு கொள்ளுகின்றன. ககரம் ஒன்றே 'கல்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் ஒருவாறும், 'அகம்' என்பதில் ஒருவாறும் ஒலிக்கின்றது. னகர ணகர நகரங்களும், லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கப்படும் ஊர்களிற் பிறந்த பிள்ளை அவற்றை எழுத்தில் எங்ஙனம் வேறுபடுத்தும்? இவற்றிற்கு மேலாக, வீட்டிற் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. எல்லாப் பிள்ளைகட்கும் உள்ள இச்சுமைகள் வாசிப்பிடருடைய பிள்ளைக்கு ஒன்றுக்குப் பத்தாகின்றன. அதன்மேல் ஆங்கில வழிப் பள்ளியிற் சேர்த்து, முறையற்ற எழுத்திலக்கணமுடைய அம்மொழியையும் அதே வயதில் ஏற்றுகின்றோம்.

இவ்விடரை உய்த்துணர்தற்குரிய குறிகள் சில கூறுவோம். பேச்சிற் கெட்டிக்காரனாயிருந்தும் படிப்பிற் பின்னடைதல். ஓசையொத்த சொற்களைச் சொல்லத் தடுமாறுதல். கிழமைகளையும் மாதங்களையும் வரிசையாகச் சொல்ல மயங்குதல். கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதுவதில் மிகப் பிந்துதல். குறில் நெடில்களை விட்டுவிட்டு எழுதுதல். உரக்கப் படிக்குமாறு சொன்னால் வயிற்றுவலி தலைவலி என்று விலகுதல் முதலியன. இவற்றுள் ஒன்றிரண்டு கண்டவுடனே பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிடலாகாது. முதலிற் கண்ணையும் செவியையும் மருத்துவரிடம் காட்டுக. பின்னர் இத்துறையிற் பயின்ற உளநூல் வல்லாரிடம் சோதிப்பிக்க. ஆசிரியர் கடமை ஐயுறுதலும் அறிவித்தலுமே. முடிவு கூறுதல் அன்று. பெண்பிள்ளைகளைக் குறித்துத் தனியே ஒன்று சொல்லவேண்டும். ஆண்பிள்ளை படிப்பு வாராதபோது குறும்பு செய்து நம் கண்ணிற் படுகின்றான். பெண்பிள்ளையோ பின்வரிசையில் அடங்கியிருந்து, பக்கத்திலிருப்பவளைப் பார்த்தெழுதி, ஒருவர் கண்ணிலும் படாமலே வகுப்புக்களைக் கடந்துவிடுகின்றாள்.

இனிக் கற்பிக்கும் முறை. இது பற்றி யாம் படித்தவற்றுள் எம்மைப் பெரிதும் வியப்பித்தது, அம்முறையின் வேர் நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் இருந்தது என்பதே. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் என்பார் 1925 முதல் இப்பிள்ளைகளை ஆராய்ந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த ஆசிரியை அன்னா கில்லிங்காம் முதலியோர் கற்பிக்கும் முறையொன்றை வகுத்தனர். எழுத்தைக் கண்ணாற் கண்டு, செவியாற் கேட்டு, வாயால் ஒலித்து, கையால் வரைந்து, இவை யாவும் ஒருங்கே நிகழுமாறு பயிற்றுதலே அம்முறை. மணலிலும் சொரசொரப்பான பரப்பிலும் விரலால் எழுதுவித்தல் அதன்கண் இடம்பெறும்.

அன்பர்களே! மணலில் விரலூன்றி, ஓசையைக் கூவிக்கொண்டே 'அ' என்றும் 'ஆ' என்றும் எழுதியவர் யாவர்? நம் பாட்டன்மார் அல்லரோ? 1789-இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிக்குத் தலைவராக அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைக் கொண்டார். மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். தாய்நாடு திரும்பி 1797-இல் அதனைப் பற்றி நூல் எழுதினார். அது 'சென்னை முறை' என்னும் பெயரால் ஆங்கில நாட்டிற் பரவிற்று. நாமோ மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எழுதுகோலைத் திணித்தோம்.

ஆயினும், பழைய திண்ணைப் பள்ளி முற்றும் புகழத்தக்கது என்று யாம் கூறவில்லை. படிப்பு வாராத பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகளும் அங்கேதான் இருந்தன. அங்கே மணலும் இருந்தது, கோதண்டமும் இருந்தது. மணலைக் கொள்வோம், கோதண்டத்தை விடுவோம். எமது வகுப்பிற் கயிறு இல்லை; ஆனால், யாம் அச்சிறுவனுக்குச் செய்தது கோதண்டமே என்பதை இன்று உணர்கின்றோம்.

தமிழாசிரியர்க்கு நம் இலக்கணமே கைகொடுக்கும். வாசிப்பிடரின் அடிப்படை, சொல்லின் ஒலிப்பகுதிகளைப் பிரித்துணர்தலில் உள்ள இடரே என்பர். அதற்கு யாப்பிலக்கணத்தின் அசையைக் காட்டிலும் சிறந்த கருவி எது? 'தாமரை' என்பதைத் 'தா-மரை' என்று கைதட்டிப் பிரிக்கச் செய்க. மோனையும் எதுகையும் அமைந்த சொற்களை விளையாட்டாகத் தேடச் செய்க. ஒருவன் சொன்ன சொல்லின் ஈற்றெழுத்தைக் கொண்டு அடுத்தவன் சொல் தொடங்கும் அந்தாதி விளையாட்டை ஆடச் செய்க. இவற்றிற்கு எழுத்தே வேண்டாமையால் பிள்ளை அஞ்சாது. ஆனால் எழுத்திற்கு வேண்டிய செவி திறக்கும்.

லகர ளகரங்களைக் கண்ணால் மட்டும் காட்டி மனப்பாடம் செய்விப்பதிற் பயனில்லை. நா அண்ணத்தை ஒற்றுதலால் லகரமும், வருடுதலால் ளகரமும் பிறக்குமெனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. பிள்ளையைக் கண்ணாடிமுன் நிறுத்தி, நா செல்லும் இடத்தை உணரச் செய்க. மயங்கும் எழுத்துக்களை ஒரே நாளிற் கற்பியாதிருக்க. னகரம் உறுதிப்பட்ட பின்னரே ணகரத்தை அறிமுகம் செய்க. நீண்ட சொற்களைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்துக் காட்டுக. 'நடந்தனன்' என்பதனை ஆறெழுத்தின் நிரலாகக் காணும் பிள்ளை திகைக்கும். 'நட' என்னும் பகுதியையும் 'அன்' என்னும் விகுதியையும் அடையாளங் கண்ட பிள்ளை, 'பறந்தனன்', 'கடந்தனன்' என்பவற்றையும் படித்துவிடும். தேர்விற்காக மட்டும் யாம் நடத்திவந்த இலக்கணம், தடுமாறும் பிள்ளைக்கு ஊன்றுகோலாகும் என்பதை எமது பணியின் பிற்பகுதியிலேதான் அறிந்தோம்.

வகுப்பில் ஆசிரியர் ஒழுகவேண்டிய முறையும் ஒன்றுண்டு. முன்னறிவிப்பின்றி அப்பிள்ளையை எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லலாகாது. படிக்கச் செய்வதாயின், முன்னாளே பகுதியைக் குறித்துக் கொடுத்து வீட்டிற் பழகிவரச் செய்யலாம். கரும்பலகையில் உள்ளதை முழுதும் பார்த்தெழுத ஏவாமல், அச்சிட்ட தாளைக் கொடுக்கலாம். வரிகட்கு இடையே இடம் விட்டுப் பெரிய எழுத்தில் அது அமைதல் நன்று. வரலாற்றிலும் அறிவியலிலும் அவன் அறிந்ததை வாய்மொழியாகச் சொல்லச் செய்து மதிப்பெண் இடலாம். கட்டுரையில் கருத்திற்கும் எழுத்துப்பிழைக்கும் தனித்தனியே மதிப்பிடுக. ஒரு தாளில் உள்ள முப்பது பிழையையும் செம்மையாற் குறியாமல், அவ்வாரம் பயின்ற ஒருவகைப் பிழையை மட்டும் திருத்துக. அவன் வல்ல துறை ஒன்றினை நாடி, அதனை வகுப்பறியச் செய்க.

"ஒருவனுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தல் பிறர்க்குச் செய்யும் அநீதியன்றோ?" என்று நல்லாசிரியரும் கேட்பதுண்டு. பார்வை குன்றியவன் கண்ணாடி அணிந்து தேர்வெழுதுதலை எவரும் அநீதி என்பதில்லை. கண்ணாடி அவனுக்குத் தெரியாத விடையைச் சொல்லிக் கொடுப்பதன்று. தெரிந்ததை எழுதவொட்டாமல் தடுத்ததை நீக்குவது. கூடுதல் நேரமும் அத்தகையதே.

சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாதிருந்த இவ்விடர், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், அங்கே எண்ணப்பட்ட 21 வகையுள் ஒன்றாகக் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்னும் பெயரால் சேர்க்கப்பட்டது. அச்சட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அரசின் பொருளுதவியோ ஏற்போ பெற்ற பள்ளிகள் இவ்விடரை இயன்ற அளவு விரைவிற் கண்டறிந்து, தக்க கற்பிக்கும் முறைகளைக் கையாளுதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளது. அதற்கு முன்னரே, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை உடலால் தண்டித்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் 17-ஆம் பிரிவில் விலக்கியுள்ளது. முறையான சான்றிதழ் பெற்ற மாணவர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி முதலிய சலுகைகளும் உள. இவற்றைப் பெறுதற்குத் தேர்வு நெருங்கும்வரை காத்திராமல், முன்கூட்டியே தலைமையாசிரியரை அணுகுதல் வேண்டும். சென்னையில் 1991 முதல் டிஸ்லெக்ஸியா சங்கம் என்னும் அமைப்பும் இத்துறையில் தொண்டாற்றி வருகின்றது. 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்திப் படத்தைக் கண்டு கண்ணீர் விட்டோர் நம்மிலும் பலர். திரையிற் கண்ட பிள்ளைக்கு இரங்கிய நாம், நம் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கண்டால் மட்டும் சினக்கின்றோம்.

இப்பொழுது நம் குலத்தார் செவிக்கு இனியதல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. வாசிப்பிடர் குடும்பவழியாக வருதலும் உண்டு. தந்தைக்கோ தாய்க்கோ இருப்பின் பிள்ளைகட்கும் இருத்தற்கு வாய்ப்பு மிகுதி. இதனை அறிந்த சிலர், "சோதனை செய்வித்துச் சான்றிதழ் வாங்கினால் ஊர் அறிந்துவிடும், நாளைப் பெண் கொடுப்பார் யார்? இவன் தங்கைக்கு மாப்பிள்ளை வருவானா?" என்று அஞ்சி மறைக்கின்றனர். தாய்மார்களே! இது தொற்றுநோயன்று, வாழ்விற்குப் பழுது செய்வதுமன்று. எண்ணிப் பாருங்கள், எழுத்தைக் கண்டால் ஒதுங்கி, நினைவாலேயே பேரேட்டை நடத்தி, கையெழுத்து மட்டும் இட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டிய முன்னோர் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருந்திலரோ? அவர்களைச் 'சாமர்த்தியசாலி' என்று புகழ்ந்தோம். அதே இயல்புடைய பேரனை 'மக்கு' என்று இகழ்கின்றோம். அக்காலத்தில் எழுத்தின்றியும் தொழில் செய்ய இயன்றது. இக்காலத்திலோ வரிக் கணக்கு முதல் வங்கிப் படிவம் வரை எழுத்தின்றி ஓரடியும் எடுத்து வைக்கவியலாது. ஆதலால், "படிப்பு வாராவிடில் கடை இருக்கின்றது" என்னும் பழைய ஆறுதல் இனிப் பயன்படாது.

ஆகலின், நமது சங்கத்தின் நிருவாகக் குழுவினர்க்கு நான்கு விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கின்றோம். முதலாவது, நமது உபகாரச் சம்பளம் இந்நாள்வரை மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வழங்கப்படுகின்றது. அதில் ஒரு பகுதியை, இடரோடு போராடிப் படிக்கும் பிள்ளைகட்கென ஒதுக்குதல் வேண்டும். இரண்டாவது, சோதனைக்குரிய கட்டணத்தை ஏழைக் குடும்பங்கட்குச் சங்கமே ஏற்றல் வேண்டும். அவர்தம் பெயர் வெளியிடப்படலாகாது. மூன்றாவது, மாலைவேளைகளில் பூட்டிக் கிடக்கும் நமது சங்கக் கட்டடத்தில், வாரத்திற்கு மூன்று நாள் இப்பிள்ளைகட்கு வகுப்பு நடத்த இடந்தருதல் வேண்டும். கற்பிக்கும் பொறுப்பை யாமும், இத்துறையிற் பயிற்சி பெற இசைந்துள்ள ஆசிரியைமார் இருவரும் ஊதியமின்றி ஏற்கின்றோம். நான்காவது, பரிசளிப்பு நாளில் மதிப்பெண்ணுக்கு மட்டுமன்றி, ஓவியம், கைத்தொழில், கதை சொல்லுதல், மனக்கணக்கு ஆகியவற்றிற்கும் பரிசு வழங்குதல் வேண்டும். அப்பொழுது வீட்டிலிருந்துவிடும் பிள்ளைகளும் இம்மேடைக்கு வருவர்.

பெற்றோர் செய்யத்தக்கது யாதெனின், நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளைக்குப் புத்தகம் படித்துக் காட்டுதலே. அவன் படிக்கவேண்டுவதில்லை, கேட்டால் போதும். சொல்வளம் பெருகும், புத்தகத்தின்மேல் உள்ள அச்சம் குறையும். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பேசுதலை மட்டும் அறவே விட்டுவிடுங்கள்.

முடிவாக, எம்மை நாடிவந்த அம்மளிகைக் கடைக்காரரின் மகனைப் பற்றிக் கூறி அமைகின்றோம். அவனைச் சோதிப்பித்தோம், ஐயுற்றவாறே வாசிப்பிடர் எனத் தெரிந்தது. எட்டுத் திங்களாக, வாரத்தில் மூன்று மாலை எமது இல்லத்து முற்றத்தில் மணற்பலகை வைத்துப் பயிற்றி வருகின்றோம். பெரிய வெற்றி எதனையும் யாம் சொல்லிக்கொள்வதற்கில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகிய அவன், இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இன்று மெல்ல மெல்லப் படிக்கின்றான். ஐந்தாறு பிழை நேர்கின்றது. பிழை நேர்ந்தவிடத்துத் தானே நின்று திரும்பப் படிக்கின்றான். வயிற்றுவலி என்று சொல்லுவதில்லை.

சென்ற திங்கள் ஒருநாள், கடையடைத்து மகனை அழைத்துப்போக வந்த தந்தையும் முற்றத்தில் அமர்ந்தார். மகன் மணலில் ழகரம் எழுதிக்கொண்டிருந்தான். சிறிதுநேரம் பார்த்திருந்தவர், தாமும் ஒரு விரலை மணலில் ஊன்றி, மகனைப் பார்த்துப் பார்த்து அவ்வெழுத்தை எழுதினார். பிழைபட்டது. மகன் அவர் விரலைப் பிடித்து, "இப்படிச் சுழிக்க வேண்டும் அப்பா" என்று எழுதுவித்தான். யாம் பேசாதிருந்தோம். 22 ஆண்டுகட்கு முன் எமது வகுப்பில் அவர்க்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடத்தை, அவர் தம் மகனிடம் பெற்றுக்கொண்டிருந்தார்.

அன்பர்களே! அவர் கேட்ட வினா இன்னும் நம் முன் நிற்கின்றது: எவரும் சிரிக்காத பள்ளிக்கூடம் எது? நமது சங்கக் கட்டடம் அத்தகையதொரு பள்ளிக்கூடமாகட்டும். அதற்கு வேண்டுவது ஒரு கூடை மணலும், சில பலகைகளும், பொறுமையுடையார் சிலரும் மட்டுமே. மணலை யாம் கொணர்கின்றோம். பிள்ளைகளை நீங்கள் கொணருங்கள்.